மரபணு ஆய்வுக்கான தரவு மீட்புக் கருவியை ஏஐ முகவர்களுக்காக ஆவணப்படுத்துதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளின்வார், டிபிஸ்னிப், என்செம்பிள், நோமாட் ஆகிய நான்கு பொதுத் தரவுத்தளங்களிலிருந்து மரபணு மாறுபாடுகளின் விவரங்களை எடுத்து ஏஐ முகவர்களுக்குக் கொடுக்கும் சிறிய கருவி ஒன்றுக்கு ஆவணம் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, அதை ஒரு வாரத்து வேலை என்றே கணக்குப் போட்டிருந்தேன். கிளின்வார் மாறுபாடுகளுக்கும் நோய்களுக்கும் உள்ள தொடர்பையும், டிபிஸ்னிப் மாறுபாடுகளின் அடையாள எண்களையும், என்செம்பிள் ஜீனோம் விவரங்களையும், நோமாட் மக்களிடையே மாறுபாடுகளின் பரவலையும் தருபவை. நிரல் எழுதுபவர்கள் மரபியல் பற்றியும், மரபியல் படித்தவர்கள் முகவர்கள் பற்றியும் அதே சந்தேகங்களை மாறி மாறிக் கேட்டுக்கொண்டே இருந்ததால் அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். ஒரு மொழி மாடல் தானே முடிவெடுத்து, கருவிகளை ஒன்றன்பின் ஒன்றாக அழைத்து வேலையை முடிக்கும் அமைப்பையே முகவர் என்று குறிப்பிடுகிறேன். பேச்சில் ஏஜென்ட் என்கிறோம்.

ஏபிஐ ஆவணம்தான் ஏற்கெனவே இருக்கிறதே, முகவருக்கு எதற்குத் தனி ஆவணம்?

ஏபிஐ என்பது ஒரு நிரல் மற்றொரு சேவையிடம் தரவு கேட்கும் வழி. கிளின்வாரையும் டிபிஸ்னிப்பையும் நடத்தும் அமெரிக்க நிறுவனமான என்சிபிஐ, என்செம்பிள் போன்றவற்றின் ஏபிஐ ஆவணங்கள் மனிதர்கள் படிப்பதற்காக எழுதப்பட்டவை. மனிதர் அவற்றை இரண்டு நாள் புரட்டுவார், புரியாத இடத்தில் பக்கத்து மேசைக்காரரைக் கேட்பார், முதல் விடை விசித்திரமாக இருந்தால் நிறுத்தி யோசிப்பார். முகவரோ, பெரும்பாலும், கருவியோடு இணைத்துக் கொடுக்கப்பட்ட சில வரிகளைப் பார்த்து அந்த நொடியிலேயே அழைப்பை விடுத்துவிடும். வந்த விடையை அப்படியே நம்பி அடுத்த படிக்குப் போய்விடும்.

2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட, கருவிகளை மாடலோடு இணைக்கும் மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் முறையை எடுத்துக்கொண்டால், ஒரு கருவியைப் பற்றி மாடலுக்கு முக்கியமாகப் போய்ச் சேர்வது அதன் பெயர், விளக்கம், உள்ளீட்டு ஸ்கீமா (எந்தெந்தப் புலங்கள், எந்த வடிவில் வேண்டும் என்ற வரையறை) ஆகிய மூன்றுதான். விளக்கத்தில் ஒரு சொல்லை மாற்றினால் முகவரின் நடத்தை மாறுகிறது. எனவே, அந்த விளக்கத்தையும் நிரலைப் போலவே பதிப்புக் கட்டுப்பாட்டில் வைத்து, மாற்றும்போதெல்லாம் சோதிக்க வேண்டும்.

இவ்வளவு பெரிய மாடலுக்கு மரபணுக்களைப் பற்றித் தெரியாதா? அது ஏன் தேட வேண்டும்?

பொதுவான செய்திகள் தெரியும். ஆனால் மாறுபாடுகளுக்கு டிபிஸ்னிப் தரும் ஆர்எஸ் எண்கள் வரிசையாக ஒதுக்கப்பட்ட வெறும் அடையாள எண்கள். எண்ணைப் பார்த்து மரபணுவை ஊகிக்க எந்த வழியும் கிடையாது. நினைவிலிருந்து சொல்லச் சொன்னால், மாடல் பார்வைக்குச் சரியாக இருக்கும் ஓர் எண்ணைச் சொல்லும். அது வேறொரு குரோமோசோமில் வேறேதோ ஒன்றைக் குறிக்கும். அந்த எண்ணும் உண்மையிலேயே தரவுத்தளத்தில் இருக்கும் என்பதால் பிழைச் செய்திகூட வராது. அதோடு, கிளின்வார் வாரந்தோறும் புதுப்பிக்கப்படுவது. மாடலின் நினைவு அதன் பயிற்சி முடிந்த நாளோடு நின்றுவிடுவது.

ஆகவே, எங்கள் ஆவணத்தின் முதல் வரி இது: “அடையாள எண் எதையும் நினைவிலிருந்து தராதே, பயனரின் கேள்வியில் இருந்தோ தேடல் செயல்பாட்டின் விடையில் இருந்தோ மட்டும் எடு.”

கருவி விளக்கத்தில் என்னென்ன எழுத வேண்டும்? சுருக்கமாக இருப்பதுதானே நல்லது?

நாங்கள் முதலில் எழுதியது “மாறுபாட்டின் விவரங்களைத் தரும்” என்ற ஒரே வரி. சுருக்கம்தான், பயனில்லை. இப்போது அதே செயல்பாட்டின் விளக்கம் இப்படி இருக்கிறது: “ஒரே ஓர் ஆர்எஸ் எண்ணுக்கு, கேட்கப்பட்ட ஜீனோம் பதிப்பில், குரோமோசோம், இடம், ஆதாரக் காரம், மாற்றுக் காரங்கள் ஆகியவற்றைத் தரும். இடம் ஒன்றிலிருந்து எண்ணப்படுகிறது. காரங்கள் நேர் இழையில் எழுதப்பட்டவை. எண் வேறோர் எண்ணோடு இணைக்கப்பட்டிருந்தால் புதிய எண்ணின் விவரம் வரும். பழைய எண்ணும் உடன் வரும். நோயோடு உள்ள தொடர்பை இது தராது. அதற்குக் கிளின்வார் செயல்பாட்டை அழைக்கவும்.”

(காரம் என்பது டிஎன்ஏவின் ஓர் எழுத்து. ஜீனோம் பதிப்பு என்பது ஒப்பீட்டுக்கான மனித டிஎன்ஏ வரிசையின் ஒரு வெளியீடு; அதில் அந்த இடத்தில் இருப்பது ஆதாரக் காரம். டிஎன்ஏவின் இரண்டு இழைகளில் அந்த வரிசை எழுதப்பட்டிருப்பது நேர் இழை, மற்றது எதிர் இழை.) இந்த விளக்கத்தின் கடைசி வரியைக் கவனியுங்கள். ஒரு செயல்பாடு எதைச் செய்யாது என்று எழுதுவதை மனிதர்களுக்கான ஆவணத்தில் யாரும் பெரிதாக மதிப்பதில்லை. முகவருக்கு அதுதான் வழிகாட்டிப் பலகை. அது இல்லாவிட்டால், நோயைப் பற்றிய புலம் விடையில் வராததை “நோய்த் தொடர்பு இல்லை” என்று அது எடுத்துக்கொள்கிறது.

ஆவணத்தில் காட்ட நல்ல உதாரணம் எது?

நான் எப்போதும் எடுப்பது ஆர்எஸ்334. கதிர் அரிவாள் இரத்தசோகைக்குக் காரணமான இந்த மாறுபாடு 11-ஆம் குரோமோசோமில், பீட்டா குளோபின் புரதத்துக்கான எச்பிபி மரபணுவில் இருக்கிறது. பள்ளிப் பாடத்திலேயே எல்லோரும் படித்ததுதான் என்றாலும், கருவி தடுக்கி விழக்கூடிய குழிகள் இந்த ஒன்றிலேயே நான்கு இருக்கின்றன.

முதலாவது, இடம். ஜீனோமின் ஜிஆர்சிஎச்37 பதிப்பில் இது 52,48,232-ஆம் இடத்தில் இருக்கிறது. ஜிஆர்சிஎச்38 பதிப்பில் 52,27,002-ஆம் இடத்தில். இரண்டாவது, இழை. எச்பிபி எதிர் இழையில் படிக்கப்படும் மரபணு. மரபணுவின் பார்வையில் அடினைன் தைமினாக மாறுகிறது, ஜீனோமின் நேர் இழையில் தைமின் அடினைனாக மாறுகிறது. இரண்டு ஆய்வுக் கட்டுரைகள் ஒன்றுக்கொன்று நேர்மாறாகச் சொல்வதுபோல் தெரியும், இரண்டும் சரியே. மூன்றாவது, அமினோ அமிலத்தின் எண். பழைய நூல்கள் 6-ஆவது குளுட்டமிக் அமிலம் வாலினாக மாறுகிறது என்கின்றன. மாறுபாடுகளை எழுதுவதற்கான இப்போதைய எச்ஜிவிஎஸ் குறியீட்டு முறை தொடக்க மெத்தியோனினையும் சேர்த்து எண்ணுவதால் அது 7-ஆவது ஆகிவிட்டது.

நான்காவதுதான் பலரும் அறியாதது. ஆர்எஸ்334 என்ற எண் ஒரு மாற்றத்தைக் குறிப்பதில்லை. ஓர் இடத்தைக் குறிக்கிறது. அதே இடத்தில் வேறொரு காரம் வந்தால் வாலினுக்குப் பதில் அலனின் உண்டாகி, ஹீமோகுளோபின் ஜி-மகஸ்ஸர் என்ற வகை கிடைக்கிறது. அது கதிர் அரிவாள் நோயைத் தருவதில்லை. எனவே எண்ணை மட்டும் வைத்து நோயின் பெயரைச் சொல்லும் கருவி ஒருநாள் தவறாகச் சொல்லியே தீரும். மாற்றுக் காரத்தையும் சேர்த்துக் கேட்கும்படி ஸ்கீமாவை அமைத்து, ஏன் கேட்கிறோம் என்பதையும் அங்கேயே எழுதிவிடுங்கள்.

ஜீனோம் பதிப்பை இயல்பாக 38 என்று வைத்துவிட்டால் போதாதா?

போதாது, கட்டாயப் புலமாக்குங்கள். ஜிஆர்சிஎச்37 வந்தது 2009-இல், ஜிஆர்சிஎச்38 வந்தது 2013-இல். ஆனாலும் பழைய பதிப்பு இன்னும் ஓய்வு பெறவில்லை. நோமாட்டின் இரண்டாம் பதிப்பு 37-ஐயும், நான்காம் பதிப்பு 38-ஐயும் அடிப்படையாகக் கொண்டவை. என்செம்பிள் 37-க்கென்றே தனி சர்வர் வைத்திருக்கிறது. முந்தைய கேள்வியில் சொன்ன இரண்டு இடங்களுக்கும் இடையே 21,230 காரங்கள் தூரம். பதிப்பு மாறினாலும் அந்த இடத்தில் ஏதோ ஒரு காரம் இருக்கத்தான் செய்யும் என்பதால் கருவி அமைதியாக ஒரு விடையைத் தந்துவிடும்.

இன்னொரு காப்பும் உண்டு. இடத்தோடு ஆதாரக் காரத்தையும் உள்ளீடாகக் கேட்டு, அந்தப் பதிப்பில் அந்த இடத்தில் உண்மையில் இருக்கும் காரத்தோடு ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் “ஆதாரக் காரம் பொருந்தவில்லை, இந்த இடம் 37-ஆம் பதிப்பைச் சேர்ந்ததாக இருக்கலாம்” என்று பிழைச் செய்தி அனுப்புங்கள். எல்லாப் பிழையும் சிக்காது, ஆனால் பெரும்பகுதி இங்கேயே நின்றுவிடும்.

எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குகிறதா, ஒன்றில் தொடங்குகிறதா?

மரபணுத் தரவை எழுதும் கோப்பு வடிவங்களில் இது வேறுபடும். விசிஎஃப், ஜிஎஃப்எஃப் கோப்புகளில் ஒன்று. பெட் கோப்பில் பூஜ்யம், முடிவெண் சேராது. ஆர்எஸ்334 பெட் கோப்பில் 52,27,001 முதல் 52,27,002 வரை என்று எழுதப்படும். உங்கள் கருவி எதை ஏற்கிறது, எதைத் தருகிறது என்பதை விளக்கத்திலும் விடையிலும் எழுதுங்கள். ஒன்றை வாங்கி மற்றொன்றைத் தரும் கருவியை மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள்.

மரபணுவின் பெயரைக் கொடுத்தால் கருவி கண்டுபிடித்துவிடாதா?

கண்டுபிடிக்கும், சில வேளைகளில் இரண்டைக் கண்டுபிடிக்கும். எம்எல்எல்2 என்ற பழைய பெயர் ஒரு நல்ல எச்சரிக்கை. கபூகி நோய்க்குறியோடு தொடர்புடைய மரபணு அந்தப் பெயரில்தான் அறியப்பட்டது; இன்று அதன் அதிகாரப்பூர்வப் பெயர் கேஎம்டி2டி. ஆனால் கேஎம்டி2பி என்ற மற்றொரு மரபணுவையும் பல கட்டுரைகள் எம்எல்எல்2 என்றே அழைத்திருக்கின்றன. இப்படிப்பட்ட பெயர் வந்தால் கருவி தானே ஒன்றைத் தேர்ந்தெடுக்கக் கூடாது; இரண்டையும் மரபணுப் பெயரிடும் குழுவான எச்ஜிஎன்சி தரும் எண்களோடு பட்டியலிட்டு, முகவரைப் பயனரிடம் கேட்கச் சொல்ல வேண்டும். ஒரே மரபணுவாக முடிந்தாலும், “இந்தப் பெயரை இந்த மரபணுவாகப் புரிந்துகொண்டேன்” என்ற புலம் விடையில் இருக்க வேண்டும்.

எக்செல் கதையும் இங்கே சேரும். செப்ட்1, மார்ச்1 போன்ற மரபணுப் பெயர்களை எக்செல் தேதிகளாக மாற்றிக்கொண்டே இருந்ததால், 2020-இல் பெயரிடும் குழு அவற்றைச் செப்டின்1, மார்ச்எஃப்1 என்றே மாற்றிவிட்டது. மென்பொருளைத் திருத்த முடியாமல் மரபணுவைத் திருத்திய வரலாறு இது. பழைய பட்டியல்களில் “1-மார்ச்” என்று இன்னும் கிடக்கிறது. உள்ளீடு தேதி போல இருந்தால் அதைச் சுட்டிக்காட்டும் தனிப் பிழைச் செய்தி ஒன்றை வைத்திருக்கிறோம்.

ஒன்றும் கிடைக்காவிட்டால் வெற்றுப் பட்டியல் அனுப்பினால் முகவருக்குப் புரியாதா?

புரியும், தவறாக. எங்கள் கருவியின் முதல் வடிவத்தில் நோமாட்டிலிருந்து விடை வராத எல்லா நிலைகளிலும் வெற்றுப் பட்டியல்தான் போனது. ஒருநாள் இணைப்பு அறுந்து வந்த வெறுமையை வைத்துக்கொண்டு முகவர், “இந்த மாறுபாடு எந்த மக்கள்தொகையிலும் காணப்படவில்லை, எனவே மிக அரிதானது, நோய்க்குக் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்” என்று மூன்று பத்தி அறிக்கை எழுதிவிட்டது. அறிக்கையின் தர்க்கத்தில் பிழையில்லை. அடித்தளத்தில்தான் தரவே இல்லை.

குறைந்தது மூன்று நிலைகளைப் பிரித்துச் சொல்ல வேண்டும்: அந்த இடம் நன்றாகப் படிக்கப்பட்டிருக்கிறது, ஆனால் மாறுபாடு யாரிடமும் இல்லை; அந்த இடம் போதிய அளவு படிக்கப்படவே இல்லை; கேள்வியே தரவுத்தளத்தைச் சேரவில்லை. முதலிரண்டைப் பிரிக்க, அந்த இடத்தில் எத்தனை குரோமோசோம்கள் படிக்கப்பட்டன என்ற எண்ணிக்கையை மாறுபாட்டின் எண்ணிக்கையோடு சேர்த்தே தாருங்கள். நூறாயிரங்களில் பூஜ்யம் என்பதற்கும் நாற்பதில் பூஜ்யம் என்பதற்கும் பொருள் வேறு.

நிகழ்வெண் (மாறுபாடு மக்களிடையே எந்த அளவு காணப்படுகிறது என்ற விகிதம்) கிடைத்தாலும் கவனம் தேவை. இதயத் தசைப் புரதம் ஒன்றுக்கான எம்ஒய்பிபிசி3 மரபணுவில் 25 கார நீக்கம் ஒன்று இந்தியத் துணைக்கண்டத்து மக்களில் ஏறத்தாழ 4 சதவீதத்தினரிடம் இருப்பதை, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தாரும் ஐதராபாத்தின் உயிரணு, மூலக்கூறு உயிரியல் ஆய்வு மையமான சிசிஎம்பி ஆய்வாளர்களும் பங்கேற்ற 2009-ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. உலக மொத்தச் சராசரியை மட்டும் பார்த்தால் அது அரிய மாறுபாடுபோலத் தோன்றும். எனவே, மொத்த நிகழ்வெண்ணை மட்டும் தரும் வசதியையே நாங்கள் எடுத்துவிட்டோம். தெற்காசியா உள்ளிட்ட ஒவ்வொரு குழுவின் எண்ணும் கூடவே வரும்.

ஒரே நீக்கம் இரண்டு தரவுத்தளங்களில் இரண்டு இடங்களில் இருக்கிறதே, எது தவறு?

பெரும்பாலும் இரண்டும் தவறில்லை. சி-ஏ-ஏ-ஏ-ஜி என்ற தொடரில் ஓர் ஏ காணாமல் போனால், போனது எந்த ஏ என்று யாராலும் சொல்ல முடியாது. விசிஎஃப் கோப்புகளில் அதை இடப்பக்கம் ஒதுக்கி எழுதுவது வழக்கம். எச்ஜிவிஎஸ் முறை 3-பிரைம் முனைப்பக்கம் (வரிசையைப் படிக்கும் திசையில் கடைசிப் பக்கம்) ஒதுக்கி, கடைசி ஏ போனதாக எழுதச் சொல்கிறது. எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் கருவி, இருக்கும் மாறுபாட்டையே “இல்லை” என்று சொல்லிவிடும்; அது முந்தைய விடையில் சொன்ன விபரீதத்தில் கொண்டுபோய் விடும்.

இதில் ஒரு வேடிக்கை. எதிர் இழை மரபணுவின் 3-பிரைம் திசை ஜீனோமில் இடப்பக்கம்தான்; ஆகவே அங்கே மரபணுவின் திசையில் எழுதப்படும் எச்ஜிவிஎஸ் கோடிங் குறியீடும் விசிஎஃப் இடமும் ஒரே பக்கம் சாய்ந்து ஒத்துப்போகும். எச்பிபி, எம்ஒய்பிபிசி3 இரண்டும் எதிர் இழையில் இருப்பவை. அவற்றை மட்டும் வைத்துச் சோதித்து “எல்லாம் சரி” என்று கையெழுத்திட்டுவிடாதீர்கள். நேர் இழை மரபணு ஒன்றும் சோதனையில் இருக்கட்டும். ஆவணத்தில், ஒப்பிடும் முன் கருவி இடப்பக்கம் ஒதுக்குகிறதா என்பதை ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும்.

கிளின்வாரில் ஆய்வகங்கள் ஒன்றுக்கொன்று முரணாகச் சொன்னால் முகவர் எதை எடுத்துக்கொள்ள வேண்டும்?

எதையும் தானே தேர்ந்தெடுக்கக் கூடாது. நோய்க்காரணம் என்பதில் தொடங்கித் தீங்கற்றது என்பது வரை ஐந்து வகைகளை 2015-ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரியின் வழிகாட்டுதல் வரையறுத்தது. கிளின்வார் அவற்றோடு, மதிப்பீட்டின் வலிமையைப் பூஜ்யம் முதல் நான்கு வரையான நட்சத்திரங்களாலும் காட்டுகிறது. ஒரே ஆய்வகம் வரையறையோடு அனுப்பியது ஒரு நட்சத்திரம். நிபுணர் குழு பார்த்தது மூன்று. வகையைத் தந்து நட்சத்திரத்தை விட்டுவிடும் கருவி, பாதி விடையைத்தான் தருகிறது.

வகை எப்போதும் ஒரு நோயோடு சேர்ந்தே பொருள் தரும் என்பதையும் எழுதுங்கள். ஆர்எஸ்334-இன் அரிவாள் மாற்றமே ஒரு பிரதி மட்டும் இருப்பவருக்குக் கடுமையான மலேரியாவிலிருந்து பாதுகாப்புத் தருகிறது. நோயின் பெயர், மதிப்பிட்ட நாள், நட்சத்திரம் ஆகியவை இல்லாத வகையை எங்கள் ஸ்கீமா அனுமதிப்பதில்லை.

முகவர் ஒரே நேரத்தில் நூறு அழைப்பு விடுகிறது, சர்வர் தடுத்துவிடுகிறது. என்ன செய்வது?

என்சிபிஐ, ஏபிஐ சாவி (பதிவு செய்தவருக்குத் தரும் அடையாளக் குறியீடு) இல்லாமல் நொடிக்கு 3 அழைப்புகளையும், சாவியோடு 10 அழைப்புகளையும் அனுமதிக்கிறது. என்செம்பிள் நொடிக்கு 15. இந்த வேகக் கட்டுப்பாட்டை முகவரின் பொறுப்பில் விடாமல் கருவிக்குள்ளேயே வையுங்கள். மீறியும் 429 (அழைப்புகள் அளவுக்கு மீறிவிட்டன என்ற பிழை எண்) வந்தால், “இத்தனை நொடி கழித்து இதே அழைப்பை ஒருமுறை மட்டும் மீண்டும் செய்” என்று பிழைச் செய்தியிலேயே எழுதிவிடுங்கள். முகவர் படிக்கும் ஆவணத்தில் பிழைச் செய்தியும் ஒரு பகுதிதான்.

இன்று வந்த விடை ஆறு மாதம் கழித்து மாறினால் கருவியைக் குறை சொல்வார்களே?

மாறத்தான் செய்யும். கிளின்வார் வகைகள் திருத்தப்படுகின்றன, ஆர்எஸ் எண்கள் ஒன்றோடொன்று இணைக்கப்படுகின்றன, மரபணுவிலிருந்து படியெடுக்கப்படும் ஆர்என்ஏ வரிசைகளான டிரான்ஸ்கிரிப்டுகளுக்குப் புதிய பதிப்பெண் வருகிறது. ஒவ்வொரு விடையிலும் தரவுத்தளத்தின் வெளியீட்டுப் பதிப்பு, எடுத்த நாள் இரண்டும் இருந்தால் குறை சொல்ல இடமில்லை. கட்டுரைக்காக நிலையான தரவு வேண்டும் என்பவர்களுக்குக் கிளின்வாரின் மாதாந்திரக் காப்பு வெளியீட்டைப் பயன்படுத்தச் சொல்லுங்கள்.

நோயாளியின் மாறுபாட்டுப் பட்டியலை அப்படியே கருவியிடம் கொடுக்கலாமா?

பெயரை நீக்கிவிட்டோம் என்பது போதாது. கூட்டு நிகழ்வெண்களை வைத்தே ஒருவர் அந்த ஆய்வில் இருந்தாரா என்று கண்டறிய முடியும் என்று 2008-இல் ஓர் ஆய்வு காட்டியதும், அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் அத்தகைய தொகுப்புகளைப் பொதுப் பார்வையிலிருந்து எடுத்தது. பட்டியலே கைரேகை போன்றது.

எந்தச் செயல்பாடு வெளி சர்வருக்குத் தரவை அனுப்புகிறது, எது உள்ளூர்ப் பிரதியில் தேடுகிறது என்பதை ஒவ்வொரு விளக்கத்திலும் எழுதுங்கள். டிபிகேப், ஈஜிஏ போன்ற அனுமதிக் கட்டுப்பாடுள்ள தரவை இந்தக் கருவி தொடாது என்பதை நாங்கள் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறோம். எழுதாத வரை, முகவர் அதற்கும் வழி தேடிக்கொண்டிருந்தது.

ஆவணம் சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கருவியைப் பற்றி எதுவும் அறியாத புதிய உரையாடலில் ஆவணத்தை மட்டும் கொடுத்து, விடை தெரிந்த கேள்விகளைக் கேளுங்கள். ஆர்எஸ்334-ஐ எண்ணாலும், 37-ஆம் பதிப்பு இடத்தாலும், “6-ஆவது குளுட்டமிக் அமிலம்” என்ற பழைய பேச்சாலும் தனித்தனியே கேட்டுப் பாருங்கள்; மூன்றும் ஒரே இடத்தில் வந்து சேர வேண்டும். இல்லாத எண் ஒன்றையும், மேலே சொன்ன எம்எல்எல்2-ஐயும் கேளுங்கள்.

விடையை மட்டும் பார்த்து மதிப்பெண் போடாதீர்கள். அழைப்புப் பதிவைப் பாருங்கள். எங்கள் சோதனையில் ஆர்எஸ்334 பற்றிய கேள்விக்கு முகவர் கருவியை அழைக்காமலே சரியான விடை சொல்லிவிட்டது. புகழ்பெற்ற மாறுபாடு ஆயிற்றே, நினைவில் இருந்திருக்கிறது. அதற்காகவே, யாரும் பேசாத சாதாரண மாறுபாடுகள் சிலவற்றையும் இப்போது சோதனையில் வைத்திருக்கிறோம்.

பயனர் தமிழில் கேட்டால், ஆவணமும் தமிழில் இருக்க வேண்டுமா?

கருவி விளக்கம் எந்த மொழியில் இருந்தாலும் இன்றைய மாடல்கள் தமிழ்க் கேள்வியோடு பொருத்திக்கொள்கின்றன. சிக்கல் திரும்பி வரும் வழியில். கிளின்வாரின் ஐந்து வகைகளில் நடுவில் இருப்பது, முக்கியத்துவம் இன்னும் தெளிவாகாத மாறுபாடு என்று பொருள்படுவது. அதை ஒரு முகவர் தமிழில் “முக்கியத்துவம் அற்ற மாறுபாடு” என்று எழுதிவிட்டது. தெரியவில்லை என்பது, கவலை வேண்டாம் என்று ஆகிவிட்டது. அதன்பின், ஐந்து வகைகளுக்கும் நாங்களே தமிழ்ச் சொற்களை நிர்ணயித்து ஸ்கீமாவில் சேர்த்தோம். மூலச் சொல்லும் விடையில் மாற்றமில்லாமல் பக்கத்திலேயே வருகிறது.